இதயத்தைக் கெடுப்பவை ஆயுளை எவ்வளவு குறைக்கும்? நீலகிரி, கொடைக்கானல் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் வசிக்கும், முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்குமான பக்கம் இது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கொழுப்பு, எடை ஆகியவை மாரடைப்பைத் தாண்டி உடம்பில் என்னென்ன செய்கின்றன, மலையில் அவற்றை அளப்பதிலும் அடக்குவதிலும் எங்கே சறுக்குகிறது என்பதுதான் பேச்சு. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

மாரடைப்பால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் போதாதா? எந்தக் காரணத்தாலும் வரும் ‘மொத்த இறப்பு’ எதற்கு?

இறப்புக்கான காரணம் பல நேரம் தப்பாகவே எழுதப்படுகிறது. எஸ்டேட் லைன் வீட்டில் ராத்திரி தூக்கத்தில் போனவருக்கு ‘நெஞ்சு வலி’ என்றும், எண்பது வயதுக்காரருக்கு ‘வயோதிகம்’ என்றும் எழுதிவிடுவார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில் அந்தக் குழப்பம் வராது. அதனால் நீண்டகால ஆய்வுகளில் மொத்த இறப்புதான் நம்பகமான அளவுகோல்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காரணிகள் எதுவும் இதயத்தோடு நின்றுவிடுவதில்லை. புகை நுரையீரல் புற்றுநோயையும் காசநோயையும் கூட்டிவரும். சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிருமித் தொற்றுக்குக் கதவைத் திறக்கும். இதய மரணத்தை மட்டும் எண்ணினால் சேதத்தில் பாதி கணக்கில் வராது. மாறாக, ஒரு மருந்து மாரடைப்பைக் குறைத்து வேறு வகையில் ஆளைக் கொன்றால், அதுவும் மொத்த இறப்பில்தான் தெரியும்.

எல்லாரும் ஒருநாள் போகத்தான் போகிறோம் என்பது சரிதான். எப்போது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

அப்படியானால் இந்த ஐந்துக்கும் எவ்வளவு பங்கு?

2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 34 நாடுகளைச் சேர்ந்த சுமார் 15 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உடல் எடை, மேல் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகிய ஐந்தும் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் புதிதாக வரும் இதய, ரத்தக்குழாய் நோய்களில் பெண்களிடம் 57.2 சதவீதத்துக்கும் ஆண்களிடம் 52.6 சதவீதத்துக்கும் பொறுப்பு. எந்தக் காரணத்தாலும் வரும் மொத்த இறப்பில் பெண்களிடம் 22.2, ஆண்களிடம் 19.1 சதவீதம்.

இரண்டாவது எண்ணைப் பார்த்து ‘ஐந்தில் ஒரு பங்குதானே’ என்று அலட்சியப்படுத்தக் கூடாது. இது பத்து ஆண்டுக் கணக்கு. அதே குழு 2025-ல் ஆயுட்காலத்துக்குக் கணக்கிட்டபோது, ஐம்பது வயதில் ஐந்தில் ஒன்றும் இல்லாத பெண்கள், ஐந்தும் உள்ள பெண்களைவிடச் சராசரியாக 14.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 11.8 ஆண்டுகள். பேரன் பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கும் அளவுக்குக் காலம்.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு. அது விறகுப் புகை, உணவு, கைப்பிடி வலிமை, படிப்பு என 14 காரணிகளைப் பார்த்தது. இறப்புகளில் ஏறக்குறைய 70 சதவீதம் அவற்றுக்குள் அடங்கியது. தனியாக எடுத்தால் இறப்போடு அதிகம் ஒட்டியிருந்தது படிப்பின்மை. தேயிலைத் தோட்டத்திலும் பழங்குடிக் குடியிருப்பிலும் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. மாத்திரை அட்டையைப் படிக்க முடியாதவர், லீவு போட்டால் கூலி போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்கு வராதவர், இவர்களுடைய ரத்த அழுத்தம் எப்படி அடங்கும்? உப்பைக் குறைக்கச் சொல்வதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது எங்களுக்கு ஏற்புடையதல்ல.

ஐந்தையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எதில் தொடங்குவது?

புகைப்பவர் என்றால் புகையில். மற்றவர்கள் ரத்த அழுத்தத்தில். மேலே சொன்ன 2025 ஆய்விலும், 55 முதல் 60 வயதுக்குள் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்தவர்களுக்கு இதய நோயில்லாத ஆண்டுகள் அதிகம் கிடைத்தன. புகையை விட்டவர்களுக்கு உயிரோடிருக்கும் ஆண்டுகள் அதிகம் கிடைத்தன.

ரத்த அழுத்தத்துக்கு ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். 2002-ல் பத்து லட்சம் பேரை வைத்து வந்த ஆய்வின்படி, 40 முதல் 69 வயதுவரை, 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிக்கிறது. 155 என்பது 135-ஐ விட ‘கொஞ்சம்’ அதிகம் அல்ல, இரண்டு மடங்கு அபாயம்.

ஆனால் ‘இரண்டு மடங்கு’ என்று கேட்டதும் எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். உதாரணத்துக்கு, நூறு பேரில் ஒருவருக்கு இருந்த அபாயம் இரண்டு பேருக்கு ஆனால் கூடியது ஒன்று. வயதானவர்களில் பத்து பேருக்கு இருந்தது இருபது ஆனால் கூடியது பத்து. மடங்கு ஒன்றுதான், ஆனால் இழப்பு பத்து மடங்கு. ‘வயசாயிருச்சு, இனி பிரஷர் இருந்தா என்ன’ என்ற பேச்சு அதனால்தான் தலைகீழ்.

பீடி சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்கிறார்களே?

இந்தியாவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. பீடி பிடிக்கும் ஆண்கள் சுமார் 6 ஆண்டும், பீடி பிடிக்கும் பெண்கள் சுமார் 8 ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சுமார் 10 ஆண்டும் ஆயுளை இழக்கிறார்கள். நம் நாட்டில் அந்த இழப்பில் காசநோய்க்குப் பெரிய பங்கு உண்டு.

எந்த வயதில் விட்டாலும் லாபம். 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்த ஆய்வில் 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டும், 50-ல் விட்டவர்கள் 6 ஆண்டும், 40-ல் விட்டவர்கள் 9 ஆண்டும் மீட்டார்கள். ‘ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு’ என்பது பாதுகாப்பல்ல. குறைந்த அளவுப் புகையே இதயத்துக்குக் கணிசமான கெடுதல் செய்துவிடும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்பதும் பிரமை. நிகோட்டின் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் விரல்கள் இன்னும் விறைக்கும். பீடியை விட்டுவிட்டு வாயில் புகையிலை அடக்குவது மாற்றுவழி அல்ல, அது வாய்ப்புற்றுக்கு வழி.

எனக்குத் தலைசுற்றல்கூட இல்லை. பிரஷர் மாத்திரை எதற்கு? நார்மல் ஆனபிறகு நிறுத்தலாமா?

உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு தெரியும்போது பக்கவாதமோ இதய வீக்கமோ சிறுநீரகக் கேடோ வந்திருக்கும். அளவு நார்மலாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால். நிறுத்தினால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பழைய எண் திரும்பும். அட்டினலால், மெட்டோப்ரலால் வகைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

மலையில் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் விசாரித்தால் காரணங்கள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். குளிர்ப்பிரதேசத்தில் அதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பார்கள். சளி இல்லாமல், தொண்டையில் அரிப்போடு, படுத்தால் கூடும் இருமல் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார். அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் தரலாம். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்பவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. அளவைக் குறைத்தோ வேறு மாத்திரை சேர்த்தோ சரிசெய்யலாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ரகசியமாக விட்டுவிடுகிறார்கள். காட்டுக்குள் கழிப்பறை ஏது? இதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றலாம், வேறு வகைக்கும் மாறலாம்.

இன்னொரு பக்கம், மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அழுத்தம் அடங்காமல் இருப்பதுண்டு. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி முட்டி வலிக்கு டைக்லோஃபினாக் விழுங்குவதும், சளிக்கு மெடிக்கலில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போடுவதும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். டைக்லோஃபினாக் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் முதலில்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தென்மேற்குப் பருவமழையில் பந்தலூர், தேவாலா பக்கமும், ஐப்பசி மழையில் கொடைக்கானல் மலைச்சாலையும் அடைபடுவது புதிதல்ல. மழைக்காலம் தொடங்குமுன் பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். இரும்புப் பெட்டியில் வேண்டாம், ஈரம் இறங்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா போதும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது. எதை நம்புவது?

ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அது இயல்பு. ஆனால் பாதி வித்தியாசம் அளக்கும் முறையால் வருகிறது.

மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டையின் அளவு முக்கியம். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மேட்டில் ஏறி வீடு வந்த உடனே அளக்காதீர்கள். டீ, பீடி, நடை எல்லாம் முடிந்து அரை மணி ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், நிறைந்த பையே பத்துப் புள்ளி ஏற்றும். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அது தோளை இறுக்கி அளவைக் கெடுக்கும். அந்தப் பக்க ஸ்வெட்டர் கையை முழுசாகக் கழற்றிவிட்டு, மறுபக்கம் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு எடுத்த எண்ணும் உதவாது.

முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் எண் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். இப்படிக் காலையிலும் மாலையிலும் ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில் அளந்தால் 140/90 என்பது கோடு. வீட்டில் பதற்றம் குறைவு என்பதால் இந்த வித்தியாசம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 9,300-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில் மேல் அழுத்தத்தை 140-க்குப் பதில் 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்றபோது மொத்த இறப்பு 27 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கியில் அளந்தார்கள். அவர்களிடம் சர்க்கரை நோயாளிகள் இல்லை. மயக்கமும் சிறுநீரகத் தொந்தரவும் கூடவே கொஞ்சம் கூடியது. செங்குத்தான படிக்கட்டில் நடக்கும் முதியவர் எழுந்ததும் தலைசுற்றுகிறது என்றால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

மலைக்காற்று இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். உயரமும் குளிரும் உண்மையில் என்ன செய்கின்றன?

சுவிட்சர்லாந்தில் உயரமான ஊர்களில் மாரடைப்பு மரணம் குறைவு என்று ஒரு ஆய்வு காட்டியது. அங்குள்ளவர்களின் உணவும் உழைப்பும் மருத்துவ வசதியும் வேறு. அதை வைத்துக்கொண்டு கோத்தகிரியில் பிறந்தால் கவசம் கட்டியிருக்கிறோம் என்று நினைக்க முடியாது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. விரலில் மாட்டும் கருவி நல்ல ஆரோக்கியமானவருக்கே 93, 94 காட்டலாம், பயம் வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தால் எண் இன்னும் தப்பாகும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். இதயச் செயலிழப்போ அடிக்கடி நெஞ்சுவலியோ உள்ள உறவினர் சமவெளியிலிருந்து வந்தால், முதல் இரண்டு மூன்று நாள் தொட்டபெட்டா ஏற்றமெல்லாம் வேண்டாம்.

குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கும். குளிர்காலத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளியும் அதற்கு மேலும் கூடுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அப்போது கூடும். மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி படியும் விடியலில், பிரஷர் உள்ளவர் தலையும் காதும் மூடாமல் வெளியே வந்து குளிர்ந்த நீரில் குளிப்பது வேண்டாத வேலை. கோடையில் எடுத்த ஒரே எண்ணை வைத்து ஆண்டு முழுக்க ஓட்டாமல், டிசம்பரில் மறுபடி ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

குளிருக்கு அறையில் கரி அடுப்பு வைக்கிறோம். சமையலும் விறகில்தான். இதுவும் இதயத்தைப் பாதிக்குமா?

இரண்டும் பாதிக்கும், இரண்டு விதமாக. விறகுப் புகையின் நுண்துகள் ஆண்டுக்கணக்கில் ரத்தக்குழாயையும் நுரையீரலையும் அரிக்கும். குளிருக்காகச் சன்னலை அடைத்த வீட்டில் இது இன்னும் மோசம். எரிவாயு முடியாவிட்டால் புகைபோக்கி, காய்ந்த விறகு, எதிரெதிர் திறப்பு இவையாவது வேண்டும்.

கரி அடுப்பு ஒரே ராத்திரியில் கொல்லும். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்பு உள்ளவர் மற்றவரைவிட முந்தி விழுவார். தணல் சாம்பல் பூத்துவிட்டது என்று உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்து. தூங்கும் அறைக்குள் கரி கூடவே கூடாது.

குளிருக்கு ராத்திரி ஒரு கட்டிங்?

சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடேறிய மாதிரி இருக்கும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறுகிறது. ரத்த அழுத்தமும் கூடும். இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்க ஆதாரம் இல்லை.

சுகரைப் பற்றி? மூன்று மாதச் சராசரி ஒன்று, விரலில் குத்திப் பார்ப்பது ஒன்று, ஒத்துப்போகவில்லை.

ஐம்பது வயதில் சர்க்கரை நோய் உள்ளவர் சராசரியாக 6 ஆண்டு முன்னதாக இறக்கிறார் என்று 2011-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அந்த இழப்பில் சுமார் 40 சதவீதம் ரத்தக்குழாய் நோயல்லாத காரணங்களால் வந்தது.

வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், அல்லது ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். தொந்தரவு இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மலையில் இந்த மூன்று மாதச் சராசரி ஏமாற்றும் இடங்கள் உண்டு. இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகை அதைப் பொய்யாக ஏற்றும். தோட்டத்துப் பெண்களிடம் ரத்தசோகை சகஜம். மறுபக்கம், கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளையும் பரம்பரை நோய்) அதைப் பொய்யாக இறக்கும். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவும்தான் நம்பகமானவை.

விரலில் குத்தும் கருவியின் பட்டைகள் பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரிவரைதான் சரியாக வேலை செய்யும். ஜனவரி விடியலில் ‘எரர்’ காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று வேறு வாங்காதீர்கள். உடம்போடு கொஞ்ச நேரம் வைத்திருந்து, கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மாமாவுக்குக் கொழுப்பு ரொம்பக் குறைவு, ஆளும் ஒல்லி. ஆனாலும் சீக்கிரம் போய்விட்டார். அப்போ கொழுப்பு குறைந்தால் ஆபத்தா?

வயதானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் கொழுப்பும் எடையும் குறைந்தவர்கள் அதிகம் இறப்பதாகத் தெரியும். காரணம் முன்னும் பின்னுமாக மாறிக் கிடக்கிறது. மறைந்திருக்கும் புற்றுநோய், காசநோய், கல்லீரல் கேடு, நாட்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் கொழுப்பையும் எடையையும் முன்கூட்டியே இறக்கிவிடும். நோய் இளைக்கவைத்தது, பிறகு கொன்றது. இளைப்பு கொல்லவில்லை. முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் எடை குறைந்தால் சந்தோஷப்படாமல் பரிசோதனைக்குப் போங்கள்.

மருந்தால் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆதாரம் இருக்கிறது. பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 39 புள்ளி குறையும்போது மொத்த இறப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது. கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

ஒல்லியானவரும் வயிற்றை அளந்து பார்க்க வேண்டும். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து தொப்பை மட்டும் வருவது சாதாரணம்.

நாள் முழுக்க மேடு ஏறி இறங்குகிறோம். தனியாக உடற்பயிற்சி வேண்டுமா?

கொழுந்து பறிப்பவர், காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர் நடைப்பயிற்சிக்கென்று காலையில் எழ வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். கடை, அலுவலகம், ஜீப் ஓட்டுதல் என்று உட்கார்ந்திருப்பவர்கள் ‘மலையில் இருக்கிறோம்’ என்ற எண்ணத்திலேயே ஏமாறுகிறார்கள். 2022-ல் வந்த கணக்கின்படி, அறுபதுக்கு மேல் நாளுக்கு 6,000 முதல் 8,000 அடியும், அதற்குக் கீழ் 8,000 முதல் 10,000 அடியும் எட்டும்வரை இறப்பு குறைந்துகொண்டே வந்தது. அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. ஏற்றத்தில் நடக்கும்போது பேச முடிய வேண்டும். நெஞ்சை அழுத்தி, நின்றதும் விடுகிறது என்றால் பயிற்சி போதாது என்று நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் எதைக் குறைப்பது? டீயை விட வேண்டுமா?

டீயை விட வேண்டாம். சர்க்கரையைப் பாருங்கள். கிளாசுக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் ஆறு கிளாஸ் என்றால் ஏறக்குறைய 60 கிராம். நாள் முழுவதுக்குமான உச்சவரம்பே சுமார் 50 கிராம்தான். கூடவே வர்க்கி என்றால் மைதாவும் கொழுப்பும் சேரும், விருந்தாளி வந்தால் சாப்பிடுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், டீ இரும்புச் சத்தைத் தடுக்கும்.

பெரிய வேலை உப்பில்தான் இருக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நால்வர் வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். மழைக்காலத்துக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் இவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராமல் தனியாகச் சேர்கிறது.

சோடியத்தில் கால் பங்கை எடுத்துவிட்டு பொட்டாசியம் சேர்த்த உப்பும் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதமும், மொத்த இறப்பை 12 சதவீதமும் குறைத்தது. சமையலறையில் ஒரு டப்பாவை மாற்றுவதற்கு இது பெரிய பலன். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கொடைக்கானல் மலைப்பூண்டு ரசத்துக்கு அருமை. ரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக அதைத் தின்று ஆயுள் கூடியதற்கு ஆதாரம் இல்லை.

‘பத்து ஆண்டில் 20 சதவீத அபாயம்’ என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். என்ன அர்த்தம்?

உங்களைப் போன்ற வயது, பிரஷர், புகைப்பழக்கம், எடை உள்ள நூறு பேரில் இருபது பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று அர்த்தம். அந்த இருபதில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதை அட்டவணை சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த அட்டவணையில் தெற்காசியாவுக்குத் தனிப் பக்கம் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமலும் கணக்கிடலாம். அது மொத்த இறப்பைக் கணக்கிடுவதில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குப் பொருந்தாது, அவர் எப்போதும் அதிக அபாயப் பிரிவில்தான்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தால்? மஞ்சூரிலிருந்து ஊட்டி, மன்னவனூரிலிருந்து கொடைக்கானல், இறங்கவே நேரமாகுமே.

மலையில் மற்ற எல்லாக் கட்டுப்பாடும் இந்த ஒரு காரணத்தால்தான் இன்னும் முக்கியமாகிறது. சமவெளி நகரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் நமக்குக் கிடைக்காது.

நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர் வியர்வை, மூச்சுத்திணறல் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, வாந்தி, மேல்வயிற்று எரிச்சல் மட்டும் வரலாம். நீலகிரித் தைலம் தேய்த்து, சோடா குடித்து, ‘கேஸ்தான்’ என்று விடியும்வரை காத்திருப்பதில்தான் பல உயிர் போகிறது.

108-ஐ அழையுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால், போனிலேயே பேசி, ஊர் ஜீப்பில் புறப்பட்டு வழியில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். நோயாளியை நடக்கவைத்து ரோட்டுக்கு ஏற்றாதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்குங்கள். அவரே வண்டி ஓட்டவும் கூடாது. நேராகக் கோவைக்கோ மதுரைக்கோ இறங்கத் துடிக்காமல், ஈசிஜி எடுக்கக்கூடிய அருகிலுள்ள இடத்துக்கு முதலில் போங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், க்ளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணை தருகிறார்கள். மொத்தம் 14 மாத்திரை, பார்த்துப் பயப்பட வேண்டாம். அடைப்பு உறுதியாகி, ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பைப் பலூனால் திறக்கும் சிகிச்சை) செய்யும் இடத்தை 120 நிமிடத்துக்குள் எட்ட முடியாதென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு இறக்குவதுதான் முறை. அந்த ஊசி முதல் மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

வாய் கோணல், ஒரு பக்கக் கை தளர்வு, பேச்சுக் குழறல் என்றால் பக்கவாதம். அதற்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது?

முப்பது வயதிலிருந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒருமுறை. கொழுப்பு நாற்பதுக்குள் ஒருமுறையாவது. அப்பா, அண்ணன் தம்பிக்கு 55-க்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே. மாத்திரை எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதமும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்திலும் பார்க்க வேண்டும். பழைய சீட்டுகளை ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்து, நோயாளி எங்கே போனாலும் கூடவே அனுப்புங்கள். ராத்திரியில் புது மருத்துவர் பார்க்கும்போது அவருக்கு அதுதான் கைகொடுக்கும்.